பிரானா: கப்பலுக்காக படிங்க, வில்லனுக்காக படிக்காதீங்க

கிளைவ் கஸ்லர் பேரும் பாய்ட் மோரிசன் பேரும் சேர்த்து போட்டு 2015ல வந்த பிரானா நாவல ரெண்டு ராத்திரில முடிச்சேன். முடிச்ச கையோட எழுதிடணும்னு தோணுச்சு, ஏன்னா இத படிச்ச எனக்கு தெரிஞ்ச நாலு பேர்கிட்ட கேட்டா நாலு விதமா சொல்றாங்க, ஒருத்தர் சூப்பர்ங்கறாரு, ஒருத்தர் அரைச்ச மாவையே அரைக்கறாங்கன்னு பாதில மூடிட்டாரு, அந்த நாலு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. கதைல கொஞ்சம் உடைக்க போறேன், முக்கியமா வில்லன் கையில இருக்கற கருவி என்னன்னு சொல்லிடுவேன், அது தெரியாம படிக்கணும்னு நினைக்கறவங்க படிச்சுட்டு வாங்க.

புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு வரி. இது ஓரிகான் ஃபைல்ஸ்னு ஒரு சீரிஸ், இதுல பிரானா பத்தாவது புத்தகம். ஓரிகான்ங்கறது கப்பலோட பேரு. வெளிய இருந்து பாத்தா துரு புடிச்சு பெயின்ட் உரிஞ்சு நாளைக்கே உடைக்கற யார்டுக்கு போக வேண்டிய பழைய சரக்கு கப்பல், உள்ள போனா பீரங்கி, ஏவுகணை, டார்பிடோ, சொகுசு கேபின், கப்பலோட அடி வயித்துல கதவு திறந்து குட்டி நீர்மூழ்கிய இறக்கற குளம். இத ஓட்டறவங்க கார்ப்பரேஷன்னு ஒரு கூலிப்படை மாதிரி கூட்டம், ஆனா நல்லவங்க, எல்லாருமே பங்குதாரர்ங்க. தலைவர் ஹுவான் கப்ரீயோ, எல்லாரும் சேர்மன்னு தான் கூப்பிடுவாங்க, ஒரு காலு முட்டிக்கு கீழ கிடையாது, அந்த செயற்கை காலுக்குள்ள துப்பாக்கி கத்தி வெடிமருந்துன்னு ஒரு சண்டைக்கு வேண்டியது எல்லாம் இருக்கும். இந்த கப்பல் முதல்ல வந்தது 1997ல, கஸ்லரோட வேற சீரிஸ்ல ஒரு நாவல்ல சைடு ரோல் மாதிரி வந்துட்டு போச்சு, அப்புறம் 2003ல இருந்து அதுக்குன்னே தனி சீரிஸ் ஆயிடுச்சு.

பிரானா ஆரம்பிக்கறது 1902ல, கரீபியன் கடல்ல இருக்கற மார்டினிக் தீவுல, பெலே எரிமலை வெடிக்கற நாள்ல. இந்த வகை நாவல் எதுவா இருந்தாலும் முதல் அத்தியாயம் நூறு இருநூறு வருஷம் முன்னாடி ஒரு கப்பல் மூழ்கறதுல தான் ஆரம்பிக்கும், அது ஃபார்முலா, அதுல எனக்கு வருத்தமே இல்ல. ஏன்னா அங்க தான் எழுத்தாளர் நிஜமான ஒண்ண கையில எடுக்கறாரு. மே 8, 1902, செயின்ட் பியர்ங்கற ஊரு, காலைல எட்டு மணி சுமாருக்கு மலையோட பக்கவாட்டுல இருந்து கொதிக்கற வாயுவும் சாம்பலும் ஒரு மேகமா இறங்கி சில நிமிஷத்துல ஊரையே வழிச்சு எடுத்துட்டு போச்சு, கிட்டத்தட்ட 28,000 பேர் செத்தாங்க. துறைமுகத்துல நின்ன கப்பல்ங்க நங்கூரத்தோட அப்படியே எரிஞ்சுது. ராடம்னு ஒரு நீராவி கப்பல் மட்டும் எரிஞ்சுகிட்டே பாதி ஆளுங்கள பறி குடுத்துட்டு எப்படியோ வெளிய வந்து பக்கத்து தீவான செயின்ட் லூசியா போய் சேர்ந்துச்சு. ஊருக்குள்ள உயிரோட கிடைச்ச விரல் விட்டு எண்ணக்கூடிய ஆளுங்கள்ல ஒருத்தரு கெட்டி கல்லு சுவர் ஜெயில் அறையில அடைச்சு வெச்சிருந்த கைதி. இதெல்லாம் நிஜமா நடந்தது, நான் நாவல கீழ வெச்சுட்டு இத பத்தி தேடி தேடி படிச்சு அன்னிக்கு ராத்திரி ஒரு மணி ஆயிடுச்சு. ஒரு பொழுதுபோக்கு நாவல் என்னை அவ்ளோ தூரம் இழுத்துட்டு போச்சுன்னா அந்த முதல் அத்தியாயம் வேலைய செஞ்சிடுச்சுன்னு தான் அர்த்தம்.

அதுக்கப்புறம் கதை இன்னிக்கு தேதிக்கு தாவும். வெனிசுவேலா பக்கம் ஒரு வேலை, அதுல ஓரிகான் மூழ்கிடுச்சுன்னு எதிரி நம்பற மாதிரி ஒரு நாடகம் போடணும், அந்த ஊர் கடற்படைல ஒரு பெண் அட்மிரல் விடாம துரத்தறாங்க, இன்னொரு பக்கம் இவங்க எங்க போறாங்க என்ன பண்றாங்கன்னு ஒருத்தன் ஒண்ணு விடாம பாத்துகிட்டே இருக்கான், எப்படி பாக்கறான்னு தெரியல. இவ்ளோ தான் கதை. அப்புறம் துரத்தல், தப்பிக்கறது, இன்னொரு துரத்தல், நடுவுல கப்பல்ல உக்காந்து ஆளாளுக்கு கிண்டல், கடைசில நேரம் குறைஞ்சுகிட்டே வர்ற க்ளைமாக்ஸ். அடுத்த பக்கம் என்ன வரும்னு பத்துல எட்டு தடவ நான் சரியா சொன்னேன். சேர்மன் தண்ணிக்குள்ள மாட்டினா கால்ல இருந்து ஏதோ ஒண்ண எடுப்பாருன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

சரி தெரிஞ்சா என்ன. இது தான் எனக்கும் என் பெரியப்பா பையனுக்கும் சண்டை. அண்ணன் இந்த சீரிஸ்ல மூணு படிச்சுட்டு விட்டுட்டாரு, "மூணும் ஒரே புத்தகம் டா, அட்டை தான் வேற"ன்னு சொல்றாரு. என்னோட கருத்து வேற. ஃபார்முலாங்கறது படிக்கறவனுக்கு குடுக்கற வாக்கு மாதிரி, பழைய காலத்து ரகசியம் ஒண்ணு, பெரிய கப்பல் ஒண்ணு, கெட்டவன் ஒருத்தன், கடைசில நல்லவங்க வீட்டுக்கு வந்துடுவாங்க, இத நம்பி தான் நாள் பூரா உழைச்சு அலுத்து போயி ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தர் புத்தகத்த திறக்கறாரு, அந்த வாக்க காப்பாத்தறது தப்பே இல்ல. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கடல் கதைன்னு சொல்லி விக்கற புத்தகத்துல கடல் இருக்கணும். தண்ணி, அழுத்தம், அலை, எரிபொருள், நேரம், இதெல்லாம் சேர்ந்து ஆளுங்கள மடக்கணும், அவங்க யோசிச்சு வெளிய வரணும். கடல வெறும் திரைச்சீலை மாதிரி பின்னாடி தொங்க விட்டுட்டு முன்னாடி எங்க வேணா நடக்கற சண்டைய நடத்தினா அது எனக்கு வேணாம்.

பிரானால கடல் இருக்கற இடங்கள் அருமை. முக்கியமா கப்பலோட வேஷம். இந்த சீரிஸ்ல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயமே அது தான், துறைமுக அதிகாரி சோதனை போட ஏறி வந்தா அவர் பாக்கறதுக்குன்னே ஒரு பொய்யான பிரிட்ஜ், அதாவது கப்பல ஓட்டற அறை, அழுக்கு பிசுபிசுன்னு ஒட்டற மேஜை, உடைஞ்ச கருவிங்க, பக்கத்துலயே குடல புரட்டற நாத்தம் அடிக்கற கழிவறை. மனுஷன் பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டு எப்படா கீழ இறங்குவோம்னு ஓடணும், அதுக்காகவே உக்காந்து செஞ்ச நாத்தம். டெக்ல கிடக்கற எண்ணெய் பீப்பாய்க்குள்ள ரிமோட்ல இயங்கற மெஷின் கன். சரக்கே ஏத்தாம பக்கவாட்டு தொட்டிங்கள்ல கடல் தண்ணிய நிரப்பி கப்பல தாழ்த்தி, கரைல நின்னு பாக்கறவன் லோட் லைன், அதாவது எவ்ளோ சரக்கு ஏத்தலாம்னு கப்பல் பக்கவாட்டுல போட்டிருக்கற கோடு, எங்க இருக்குன்னு பாத்து முழு சரக்கோட போகுதுன்னு நம்பற மாதிரி பண்றாங்க பாருங்க, அந்த மாதிரி இடத்துல தான் எழுதறவங்களுக்கு கப்பல் மேல நிஜமான ஆசை இருக்குன்னு தெரியுது.

இதெல்லாம் ரொம்ப ஓவர்னு சிலர் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ் கடற்படை க்யூ ஷிப்னு இதே மாதிரி தான் வெச்சிருந்தாங்க, பாக்க சாதா சரக்கு கப்பல், உள்ள மறைச்சு வெச்ச பீரங்கி. ஜெர்மன் நீர்மூழ்கி வந்ததும் கப்பல்காரங்கள்ல ஒரு கூட்டம் பயந்து போன மாதிரி கத்திகிட்டு படகுல இறங்கி ஓடுவாங்க, அதுவும் ஒத்திகை பாத்து வெச்ச நடிப்பு தான், அந்த கூட்டத்துக்கு பேரே பேனிக் பார்ட்டி. காலி கப்பல் தானே டார்பிடோவ எதுக்கு வீணாக்கணும்னு நீர்மூழ்கி மேல வந்து பக்கத்துல நெருங்கினதும் பக்கவாட்டு பலகை சரிஞ்சு பீரங்கி வெளிய வரும். நம்ம வாயில இன்னும் எம்டன்னு ஒரு வார்த்தை புழங்குதே, பெரிய ஆளு, சாமர்த்தியக்காரன்னு சொல்ல, அந்த எம்டன்ங்கற ஜெர்மன் போர்க்கப்பல் 1914 அக்டோபர் 28 விடிகாலைல பினாங்கு துறைமுகத்துக்குள்ள நுழைஞ்சது நாலாவது புகைபோக்கி ஒண்ண பொய்யா கட்டி வெச்சு பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் போட்டு தான், உள்ள போனதும் சொந்த கொடிய ஏத்திட்டு ரஷ்ய போர்க்கப்பல ஒண்ண அடிச்சு மூழ்கடிச்சுது. அடி வயித்துல குளம்னு சொன்னேனே அதுவும் நிஜம், 1974ல அமெரிக்க சிஐஏ ஒரு கப்பல கட்டி கடலடில மாங்கனீசு எடுக்க போறோம்னு ஊர நம்ப வெச்சுட்டு, 1968ல மூழ்கின சோவியத் நீர்மூழ்கிய கிட்டத்தட்ட 4,900 மீட்டர் ஆழத்துல இருந்து கவ்வி தூக்க பாத்தாங்க, ஒரு பகுதி தான் வந்துச்சு. அது ஏறி வர வேண்டிய இடம் கப்பல் நடுவுல இருந்த அந்த மாதிரி குளம் தான். அதனால ஓரிகான நம்பறதுக்கு எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல.

வேகத்துல தான் கொஞ்சம் இடிக்குது. என் நண்பர் ஒருத்தர் சரக்கு கப்பல்ல இன்ஜினியரா இருக்காரு, அவர்கிட்ட இந்த புத்தகத்த குடுத்தேன். அவர் சொன்னது, சாதாரணமா இந்த சைஸ் கப்பல் 14 நாட் (ஒரு நாட்னா மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்துல போகும், நாவல்ல இது 40 நாட்டுக்கு மேல பறக்குது, கப்பல் விஷயத்துல வேகம் ரெண்டு மடங்கு ஆகணும்னா சக்தி சுமார் எட்டு மடங்கு வேணும், மூணு மடங்கு ஆகணும்னா இருபத்தேழு மடங்கு, அவ்ளோ சக்திய எங்க வெச்சு எப்படி கூல் பண்ணுவாங்க. கதைல அதுக்கு ஒரு பதில் இருக்கு, கடல் தண்ணில மின்சாரத்த பாய்ச்சி காந்தத்தால பின்னாடி தள்ற மேக்னெட்டோ ஹைட்ரோ டைனமிக் இன்ஜின், ப்ரொப்பல்லரே கிடையாது. இந்த தத்துவம் பொய் இல்ல, ஜப்பான்ல யமாட்டோ ஒண்ணுன்னு ஒரு கப்பல் இதே மாதிரி செஞ்சு 1992ல கோபே துறைமுகத்துல ஓட்டி காமிச்சாங்க. அது போன வேகம் எட்டு நாட். அதோட அந்த ஆராய்ச்சி பெருசா மேல போகல. நண்பர் இத சொல்லும்போது அவர் முகத்துல கோவம் இல்ல, எட்டு நாற்பதா ஆகற இடத்துல தான் கதைன்னு ஒண்ணு பொறக்குதுன்னு சொன்னாரு, எனக்கு அது ரொம்ப புடிச்சுது. அவருக்கு நிஜமா கோவம் வந்தது வேற இடத்துல. ராத்திரியோட ராத்திரியா கப்பல் பேர மாத்தி கொடிய மாத்தி அடுத்த துறைமுகத்துக்கு வேற கப்பலா போய் நிக்கறாங்க இல்ல, பேர மாத்தலாம், கொடிய மாத்தலாம், ஐஎம்ஓ நம்பர்னு, சர்வதேச கடல்சார் அமைப்போட அடையாள எண், ஏழு இலக்கம் கப்பல் உடம்புலயே நிரந்தரமா பதிஞ்சு இருக்கும், கட்டினதுல இருந்து உடைக்கற வரைக்கும் அதே நம்பர், அத பத்தி எழுத்தாளர் இன்னும் ஒரு பக்கம் எழுதி அந்த சிக்கல எப்படி தாண்டறாங்கன்னு காமிச்சிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்ங்கறாரு. சரியான பேச்சு. விதி தெரிஞ்ச ஆளு அந்த விதிய ஏமாத்தறத பாக்கற சந்தோஷமே தனி.

இப்ப என்னோட பெரிய மனக்குறைக்கு வரேன். வில்லன் கையில இருக்கறது நியூட்ரினோங்கற நுண் துகள வெச்சு உலகத்துல எந்த மூலைல என்ன நடக்குதுன்னாலும் பாத்துடற கருவி. 1902ல, முதல் அத்தியாயத்து கப்பல்ல இருந்த ஜெர்மன் விஞ்ஞானி கண்டுபுடிச்சதுல இருந்து வளர்ந்து வந்ததுன்னு கதை. கேக்க ஜம்முனு இருக்கு. ஆனா நியூட்ரினோன்னு ஒண்ணு இருக்கலாம்னு இயற்பியல் விஞ்ஞானி பௌலி சொன்னதே 1930ல, அத பரிசோதனைல புடிச்சது 1956ல. அது எதோடயும் ஒட்டாம பூமியவே ஊடுருவிட்டு போற துகள், நம்ம உடம்புக்குள்ள இந்த நொடி கோடான கோடி போயிட்டு இருக்கு, நமக்கு ஒண்ணும் தெரியல. அத புடிக்க தென் துருவத்துல ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டிக்குள்ள 5,160 சென்சார இறக்கி வெச்சு காத்துகிட்டு இருக்காங்க, அதுலயும் ஊடுருவி போறதுல ரொம்ப ரொம்ப சின்ன பங்கு தான் மாட்டும். இத வெச்சு ஒரு ரூம்ல யாரு என்ன பேப்பர் படிக்கறாங்கன்னு பாக்கறது இருபத்தேழு மடங்கு சக்தி மாதிரி கொஞ்சம் நீட்டி சொல்ற கதை இல்ல, சுத்தமா வேற ரகம்.

அறிவியல் தப்புங்கறதுக்காக நான் வருத்தப்படல, நம்புங்க. அந்த கருவி கதைக்கு என்ன பண்ணுதுங்கறது தான் வருத்தம். ஓரிகானோட பலமே மறைஞ்சு இருக்கறது. மறைஞ்சு இருக்கறத பாத்துடற ஒருத்தன் வந்தா அது அருமையான எதிரி, அத நான் மறுக்கல, முதல் முறையா இவங்க வேஷம் வேலை செய்யாம போகற அந்த அத்தியாயங்கள்ல எனக்கு நிஜமாவே நெஞ்சு அடிச்சுகிச்சு. ஆனா எல்லாத்தையும் பாக்கறவன்கிட்ட கடலுக்கு என்ன வேலை? மூடுபனி இருந்தாலும் பாத்துடுவான், நூறு மீட்டர் ஆழத்துல இருந்தாலும் பாத்துடுவான், புயலுக்குள்ள போனாலும் பாத்துடுவான். பத்து மீட்டர் கீழ போனா ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுது, தண்ணிக்குள்ள ஒலிய வெச்சு தேடற சோனார் ஆளுங்க தண்ணியோட சூடு மாறற அடுக்குக்கு கீழ ஒளிஞ்சுக்கற நீர்மூழ்கிய தேடி தவிக்கறாங்க, அலை இரைச்சலுக்குள்ள இன்ஜின் சத்தம் கரையுது, இப்படி ஒளியறதுக்கு கடல் குடுக்கற வழிங்க தான் இந்த வகை நாவலுக்கு உயிரே, அது அத்தனையையும் ஒரு கருவி ஒரே அடில துடைச்சு போட்டுடுச்சு. நடுவுல ஒரு நூறு பக்கம் படிக்கும்போது இது பாலைவனத்துல நடந்தாலும் ஒண்ணு தான் மலைல நடந்தாலும் ஒண்ணு தான்னு தோணுச்சு. பென்சில வெச்சுகிட்டு படிக்கறது என் வழக்கம், நல்ல இடத்துல ஓரத்துல கோடு போடுவேன், அந்த நூறு பக்கத்துல ரெண்டே கோடு.

பாத்திரங்கள பத்தி கேட்டா, சேர்மனும் இன்ஜின் பாத்துக்கற மேக்ஸ் ஹான்லியும் பேசிக்கற இடம் எப்பவும் போல சுகம், பழைய சிநேகிதங்க பேச்சு, சண்டையும் இருக்கும் பாசமும் இருக்கும். மத்தவங்க ஆளுக்கு ஒரு திறமையோட நிக்கறாங்க, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, ஒருத்தர் சொன்ன வசனத்த இன்னொருத்தர் வாயில வெச்சா யாருக்கும் தெரியாது. என் கூட வேலை பாக்கற ஒரு அக்கா இந்த சீரிஸ் மொத்தமும் படிச்சவங்க, அவங்க சொல்றது, இத்தன பேர் இருக்கற கப்பல்ல ஒருத்தருக்காவது வீட்டு ஞாபகம் வந்து தூக்கம் வராம டெக்ல நடந்த மாதிரி ஒரு அரை பக்கம் எழுத கூடாதான்னு. மாசக்கணக்குல கடல்ல இருக்கறவங்க பத்தின கதைல தனிமைன்னு ஒரு வார்த்தையே இல்லங்கறது அவங்க குறை, அவங்க சொன்னப்புறம் எனக்கும் அது உறுத்திகிட்டே இருக்கு. அட்மிரல் பாத்திரம் வீணா போயிடுச்சு, ஒரு நாட்டு கடற்படைல அவ்ளோ மேல ஏறின பெண்ணுக்கு எவ்ளோ கதை இருக்கும், இங்க கோவப்படறதும் ஆணை போடறதும் தான் அவங்க வேலை.

சீரிஸ தொடர்ந்து படிக்கறவங்க எப்பவும் சண்டை போடறது எழுத்தாளர் மாறினத பத்தி. முதல் ரெண்டு கிரெய்க் டிர்கோ கூட, அப்புறம் ஏழு ஜாக் டு ப்ரூல் கூட, பிரானால இருந்து சில புத்தகம் பாய்ட் மோரிசன். எனக்கு தெரிஞ்ச பழைய ரசிகர்ங்க ஜாக் டு ப்ரூல் காலம் தான் பொற்காலம்ங்கறாங்க. நானும் அந்த கட்சி தான், அவர்கிட்ட கடல் கனமா இருக்கும், குளிருக்கு வாய் கோணும், துரு வாசம் அடிக்கும். மோரிசன் வேகம் ஜாஸ்தி, அத்தியாயம் சின்னது, காட்சி கண்ணு முன்னாடி சினிமா மாதிரி ஓடுது, இந்த சீரிஸ்ல தன் முதல் புத்தகத்துலயே கூட்டத்த இவ்ளோ லாவகமா கையாண்டிருக்காருங்கறது பாராட்ட வேண்டியது தான். ஆனா வேகத்துல ஈரம் காய்ஞ்சு போச்சு.

கஸ்லரு 2020 பிப்ரவரில 88 வயசுல காலமாயிட்டாரு, அவர ஃபார்முலா எழுத்தாளர்னு ஒரே வார்த்தைல தள்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 1976ல டைட்டானிக் கப்பல முழுசா மேல தூக்கற மாதிரி நாவல் எழுதினாரு, 1985ல அத நிஜமா கண்டுபுடிச்சப்ப அது சுமார் 3,800 மீட்டர் ஆழத்துல ரெண்டா ஒடிஞ்சு கிடந்துச்சு. கதைல எழுதினத கடல் திருத்திடுச்சு. மனுஷன் அதோட நிக்காம தன் நாவல்ல வர்ற அமைப்போட பேரையே வெச்சு 1979ல நிஜமாவே ஒரு அமைப்ப ஆரம்பிச்சு மூழ்கின கப்பல்ங்கள தேட போனாரு. போர்க்கப்பல மூழ்கடிச்ச முதல் நீர்மூழ்கின்னு சொல்ற ஹன்லி, 1864ல தன் எட்டு ஆளுங்களோட காணாம போனது, அத 1995ல கண்டுபுடிச்சது அவரோட குழு தான். 2000ல மேல தூக்கினாங்க. இப்படி தண்ணில இறங்கி தேடின ஒருத்தர் பேரு அட்டைல இருக்கும்போது உள்ள தண்ணி குறைவா இருந்தா மனசு கேக்க மாட்டேங்குது, அதனால தான் இவ்ளோ நீளமா எழுதிட்டு இருக்கேன்.

வாங்கலாமா வேணாமான்னு கேட்டா, இந்த சீரிஸ்ல ஒண்ணு கூட படிக்காதவங்க இதுல ஆரம்பிக்காதீங்க, கப்பலோட ரகசியம் ஒவ்வொண்ணா திறக்கற சந்தோஷம் இங்க கிடைக்காது, எல்லாம் உங்களுக்கு தெரியும்னு நினைச்சு எழுதி இருக்காங்க. ஏற்கனவே நாலஞ்சு படிச்சவங்களுக்கு முதல் அத்தியாயமும் கப்பல மூழ்கடிக்கற நாடகமும் போதும், குடுத்த காசு வீண் இல்ல. இங்கிலீஷ் நாவல் படிச்சு பழக்கம் இல்லாதவங்க பயப்பட வேணாம், வாக்கியம் சின்ன சின்னதா இருக்கும், கப்பல் பாகங்களோட பேருங்க மட்டும் முதல் அம்பது பக்கம் கொஞ்சம் படுத்தும், பக்கத்துல ஒரு கப்பல் படம் வெச்சுகிட்டு படிங்க, நான் அப்படி தான் ஆரம்பிச்சேன். ஆடியோ புத்தகமா கேக்கறவங்க ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி க்ளைமாக்ஸ் பகுதிய ஆரம்பிக்காதீங்க.

ஐந்துக்கு மூணு குடுக்கறேன், அந்த மூணுல ரெண்டு கப்பலுக்கு, ஒண்ணு பெலே எரிமலைக்கு.

அண்ணன மறுபடி இந்த சீரிஸுக்குள்ள இழுக்க 2006ல வந்த ஸ்கெலிட்டன் கோஸ்ட்ட குடுத்திருக்கேன், ஜாக் டு ப்ரூல் கூட எழுதினது, நமீபியா கரைல நடக்கறது. அந்த கரைல நிஜமாவே 1909ல எட்வர்ட் போலன்னு ஒரு ஜெர்மன் கப்பல் மூடுபனில தரை தட்டி நின்னுடுச்சு, இன்னிக்கு அது கிடக்கறது கடல்ல இருந்து சில நூறு மீட்டர் உள்ள, மணல்ல பாதி புதைஞ்சு, சுத்தி ஒரு சொட்டு தண்ணி கிடையாது. அந்த போட்டோவ அண்ணனுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷம் கழிச்சு "புத்தகத்துல இது வருதா"ன்னு கேட்டு அனுப்பினாரு. படிச்சு பாருங்கன்னு சொல்லிட்டேன்.